வாடகையில் கழிக்க முடியாத தூக்கம்

ஓசூரில் வாடகை வீடுகளுக்கு ரிப்பேர் வேலை செய்யும் மேஸ்திரியாக எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். நான் போட்ட தரை ஒழுகியது என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு தப்பு செய்திருக்கிறேன், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

சிப்காட் பக்கம் ஒரு கட்டிடம். மாடியில் மூன்று போர்ஷன், கீழே ஓனரம்மாவின் மளிகைக் கடை. மாடி பாத்ரூம் ஒழுகி, கடையில் அரிசி மூட்டை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பகலில் எல்லோரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு, பழைய தரையை உடைக்க பிரேக்கர் மிஷினை ஆன் செய்தேன். பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது.

செல்வி என்ற தூத்துக்குடிப் பெண். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தேன். இது எத்தனை நாளைக்கு?"

"பத்து நாள் ஆவும்மா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்போன் பாகங்களை லென்ஸ் வைத்துச் சரிபார்க்கும் வேலையாம். காண்ட்ராக்டில் இருந்தாள். அந்த மாதம் முழுக்க நைட். கண் அசந்து ஒரு பீஸைக் கோட்டை விட்டாலும் பர்மனென்ட் கிடைக்காது.

சத்தம் கேட்டு ஓனரம்மா மேலே வந்தார். "தொந்தரவுக்கு வாடகையில ஆயிரம் கழிச்சுக்கோ பாப்பா."

"ஆயிரத்தக் குடுத்தா எந்தக் கடையிலம்மா தூக்கம் விக்காங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஓனரம்மா வீடு அடுத்த தெருவில். அங்கே ஒரு அறை சும்மா கிடப்பது எனக்குத் தெரியும்.

"உங்க பையன் ரூமு பூட்டித்தானம்மா கெடக்குது? அதத் தொறந்து விடுங்க."

"ஐயையோ, பெங்களூர்ல இருந்து அவன் வந்தா கத்துவான்யா!"

"அவரு மாசத்துக்கு ஒரு தடவ வராரு. இந்தப் பொண்ணு தினமும் தூங்கணும். ரூம் தொறக்கற வரைக்கும் மிஷின் ஓடாது. அரிசி நனைஞ்சா என்னக் கேக்காதீங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான். மதியத்துக்குள் செல்வி கையில் சாவி.

பதினோராம் நாள் வேலை முடிந்தது. தண்ணீர் தேக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தப் பெருமையோடு ஓனரம்மா வீட்டு வாசலில் நின்று, "அம்மா, வேலை முடிஞ்சுது!" என்று குரல் கொடுத்தேன்.

ஓனரம்மா பதறி ஓடி வந்தார். "மெதுவா பேசுய்யா மேஸ்திரி! பாப்பாவுக்கு பர்மனென்ட் ஆயிடுச்சாம். இப்பதான் தூங்குது."

அந்த அதட்டலை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே திரும்பினேன். இப்போதெல்லாம் எந்தக் கட்டிடத்திலும் அளவு எடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இங்க பகல்ல தூங்கறவங்க யாரு?"