பூசையில்லாமல் போன சிவராத்திரி

காசு வாங்காத வக்கீல் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். மிளகாய் பழுத்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த சமயம். உச்சிப்புளி ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு வக்கீலம்மா வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் பழைய பைக்கில் ஓர் ஆள். நாற்பது வயது இருக்கும். நகக் கண்ணெல்லாம் பெயிண்ட்.

வக்கீலம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அய்யா, இவரு மண்டபம் அகதி முகாம்ல இருக்காரு. இலங்கையிலேருந்து கைப்பிள்ளையா படகுல வந்தவரு. இவரோட கொள்ளுத்தாத்தா உங்க ஊர்லேருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்காரு. இந்திய வம்சாவளின்னு காட்டி, குடியுரிமை கேட்டு மனுப் போடுறோம். இவரு உங்க வகையறாதான்னு நீங்க ஒரு அபிடவிட்டுல கையெழுத்துப் போட்டா பெரிய ஒத்தாசையா இருக்கும்."

"ஃபீஸ் எம்புட்டுத் தாயி வாங்குறீக?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஃபீஸ் இல்லம்மா. இலவச சட்ட உதவி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், அவர் சொன்னது பொய்யில்லை. என் தாத்தாவின் தம்பி கண்டிச்சீமைக்குப் போனார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போனவர் திரும்பவில்லை. போகும்போது குலதெய்வம் முனியய்யா கோயில் மண்ணில் ஒரு பிடி முடிந்துகொண்டு போனார் என்பார்கள். மண்ணைத்தான் கொண்டுபோனார், நிலத்தை விட்டுவிட்டுத்தான் போனார். அவர் பங்கும் சேர்ந்த மேலக்காடு இன்றைக்கும் கூட்டுப்பட்டாவில் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. எனக்கு உறுத்தியது அதுதான்.

வந்தவர் அதிகம் பேசவில்லை. "மக பன்னெண்டாவது படிக்குதுங்கய்யா. நல்லாப் படிக்குது. ஆனா அரசாங்க வேலைக்குப் பரீட்சை எதுவும் எழுத முடியாது, பாஸ்போர்ட்டு கிடையாது. எனக்கு முகாமிலயே முடிஞ்சாலும் பரவாயில்ல. அதுக்கு முடியக் கூடாது" என்றார். அவ்வளவுதான். முறைப்படி பார்த்தால் நான் அவருக்குப் பெரியப்பா. அவர் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. 'அய்யா' என்றுதான் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, வந்தான். அடுத்த வீடுதான்.

"அண்ணே, சும்மா யாராச்சும் பெட்ரோல் போட்டு இம்புட்டுத் தூரம் வருவாகளா? பட்டாவப் பாத்துட்டுத்தான் வந்திருக்காக. இன்னைக்கு நீ கையெழுத்துப் போடு, நாளைக்கு மேலக்காட்டுல கல்லு ஊன்றாகளா இல்லையா பாரு."

"ஆமா, மேலக்காட்டுல தங்கமா விளையுது! கருவேலந்தானே நிக்குது" என்றாள் என் வீட்டுக்காரி.

"கருவேலம்னாலும் நம்ம கருவேலம் மதினி."

"அந்தப் பிள்ள பெரியப்பான்னுகூட வாயெடுக்கல. உரிமை கொண்டாட வந்த மாதிரியா இருந்துச்சு?"

"அது வக்கீலு சொல்லிக்குடுத்தது. மொத நாளே முறை சொன்னா நாம உசாராயிருவோம்ல?"

அவள் சொன்னபோது அது சரியாகப் பட்டது. அவன் சொன்னபோது அதுவும் சரியாகப் பட்டது. சந்தேகம் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாமே அதற்குத் தீனிதான். வக்கீலம்மா இரண்டாவது செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததைக்கூட நான் யோசித்துப் பார்த்தேன், ஏன் இவ்வளவு நேரம் நின்றார் என்று.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, சிவராத்திரிக்கு அந்த முகாம்காரரைக் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வகையறா மொத்தமும் கூடும். திருப்பூர், சென்னை என்று போனவர்களும் வருவார்கள். சாமி முன்னால் எல்லாரையும் கேட்டுக்கொண்டு சொல்லலாம், பழி என் ஒருவன் தலையில் விழாது. கோயில் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நடையைத் திறந்து முதல் விளக்கு ஏற்றுவது நான்தான்.

சிவராத்திரிக்கு முதல் நாள் காலையில் போன் வந்தது. அவர்தான்.

"அய்யா, நாங்க நாளைக்குக் கோயிலுக்கு வர முடியாது. எங்க சித்தப்பா ராத்திரி காலமாயிட்டாரு. தீட்டு. உங்களுக்குச் சொல்றதா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லாம இருந்து, நீங்க பாட்டுக்குக் கோயிலத் திறந்துட்டா பாவம்ல. அதான்."

பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறாம் நாள் கழியும்வரை எங்களுக்குக் கோயிலும் இல்லை, விளக்கும் இல்லை. காதில் விழாதவரை குற்றமில்லை. விழுந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் யாருக்கு ஒட்டும்? பங்காளி என்றால்தானே?

தம்பி குதித்தான். "இது பெரிய திட்டம்ணே! தீட்டுக் காத்தா நாமளே பங்காளின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அத அப்படியே கோர்ட்டுல கொண்டுபோயி வைப்பாக. பேசாமத் திற."

திறந்து, அவர் உண்மையாகவே பங்காளியாக இருந்துவிட்டால்? மனிதனிடம் சொல்ல ஆயிரம் சமாதானம் இருக்கிறது. முனியய்யாவிடம் என்ன சொல்வேன்? தெரியாது என்று சொல்ல முடியாதபடி போன் போட்டுச் சொல்லிவிட்டார்களே. அந்தக் கோபமும் எனக்கு அவர் மேல் வந்தது. பிறகு இன்னொன்றும் தோன்றியது. யாராவது செத்திருக்கிறார்களா முதலில்?

நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

"துக்கத்துக்கு வெறுங்கையோடயா போவாக?" என்றாள் வீட்டுக்காரி.

"துக்கத்துக்குப் போகல. நெசமான்னு பாக்கப் போறேன்."

"எதுக்குப் போனாலும் சரி, வந்து தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வீட்டுக்குள்ள வாங்க."

மண்டபத்தில் இறங்கி முகாம் வாசலுக்கு நடந்தேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரப் பாக்கணும்?"

"சாவு வீட்டுக்கு."

"செத்தது யாரு?"

பெயர் தெரியவில்லை. போனில் கேட்கத் தோன்றவில்லை.

"செத்தவரு பேரு தெரியாமலே துக்கத்துக்கு வந்தீகளா? எந்த ஊரு? ஆதார் இருக்கா?"

ஆதார் வீட்டில் பீரோவில் இருந்தது. என் ஊரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. நெற்றியில் விபூதியும் தோளில் துண்டுமாக, பிறந்து வளர்ந்த ஜில்லாவில், நான் யார் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து பறைச் சத்தம் கேட்டது. சாவு நிஜம். பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று, திரும்பிவிடலாம். ஆனால் போலீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"என்ன உறவு?"

"பங்காளி" என்றேன்.

அது உண்மைக்காக வந்த வார்த்தையா, போலீசுக்குப் பயந்து வந்த வார்த்தையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

உள்ளே ஆளனுப்பினார்கள். அவர் ஈர வேட்டியோடு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் ஒரு நிமிடம் திகைத்து நின்றார். பிறகு போலீஸ்காரரிடம், "எங்க பெரியப்பா சார். நாந்தான் சொல்லி விட்டேன். ஒரு பிரச்சினையும் வராது, நான் பொறுப்பு" என்றார்.

எனக்கு அவர் ஜாமீன். அதற்குமேல்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

சின்ன வீடு. தகரக் கூரை. வெளியே பெஞ்சில் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். நீர்மாலைக்குக் கிளம்பும் நேரம். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதைத்தான் நீர்மாலை என்போம். பங்காளிகள்தான் செம்பு தூக்க வேண்டும். அங்கே இருந்தது செத்தவரின் மகனும் இவரும் மட்டும்தான்.

"வேற பங்காளி யாரும் இல்லையாப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் நின்றார் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். சட்டையைக் கழற்றிப் பெஞ்சோரம் வைத்துவிட்டு ஒரு செம்பை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கோயில் திறக்கவில்லை. திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் பூட்டிய நடையைப் பார்த்துவிட்டு என்னைப் பேசாத பேச்சில்லை. "முகம் தெரியாத ஆளுக்குத் தீட்டாம்ல!" என்றார்கள். நான் தூரத்தில் ரோட்டோரம் நின்றே கோயில் திசைக்குக் கும்பிட்டுக்கொண்டேன். தம்பி என்னோடு பேச்சை நிறுத்தினான்.

பதினாறு கழிந்து வக்கீலம்மாவிடம் போனேன். அபிடவிட்டை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வாசித்து முடித்ததும், "இதுல நிலம் சம்பந்தமா ஒண்ணும் இல்லையே?" என்றேன். "இல்லைங்கய்யா" என்றார். "இல்லைன்னு ஒரு வரி எழுதி, மனுப் போடுறவருகிட்டக் கையெழுத்து வாங்கிருங்க" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் தனிக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் என் கையெழுத்தைப் போட்டேன். ஒரு செம்பு தூக்கியதால் குடியானவன் புத்தி போய்விடுமா?

மனு போனது. உத்தரவு இன்னும் வரவில்லை. முகாம்காரர் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாம். எந்தப் பரீட்சைக்கு எழுதிப் போடலாம் என்று அந்த உத்தரவுக்காகத்தான் காத்திருக்கிறது. நான் விளக்கேற்றும்போதெல்லாம் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நான் கையெழுத்துப் போட்டவன், அதனால் என் பேச்சை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும் என்று நேரே என் தம்பி வீட்டு வாசலுக்குப் போனார். நான் வேலியோரம் போய் நின்றேன். அவன் ஒரு வார்த்தை 'தெரியாது' என்றால் போதும், அந்தப் பிள்ளையின் வருஷங்கள் போய்விடும்.

"முகாம்ல இருக்குறவரு உங்க பங்காளின்னு மனுவுல இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

தம்பி துண்டை உதறித் தோளில் போட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

"நல்லாக் கேட்டீக போங்க! அவுக வீட்டுச் சாவுக்கு எங்க முனியய்யாவுக்கு சிவராத்திரிப் பூசையே இல்லாமப் போச்சு. திருப்பூருலேருந்து வந்த சனம் தேங்காய உடைக்காமத் தூக்கிட்டுப் போச்சு. எங்கண்ணே அங்க போயி நீர்மாலைக்குச் செம்பு தூக்கிட்டு வந்து நிக்காரு. பங்காளி இல்லாமலா சார் எங்களுக்கு இம்புட்டு நட்டம்?"

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதி, தம்பியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போனார். புழுதி அடங்கும்வரை தம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இத்தனை நாள் பேசாதவன், வேலியோரம் வந்தான்.

"ஏண்ணே, நான் அவுகளக் குத்தஞ் சொன்னேன். அத எதுக்கு அந்தாளு அம்புட்டு ஆசையா எழுதிக்கிட்டுப் போறாரு?"