கெட்டிமேளத்துக்கு வந்த அப்டேட்

கேட்காமல் உதவி செய்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். என் போன் அந்த ரகம். பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும் பொத்தான் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. கார் பார்க்கிங் ஆப் திடீரென்று என்னை யாரென்று கேட்கும். 'மேம்படுத்தப்பட்டது' என்று பெருமையாக அறிவிப்பு மட்டும் வரும். யாருக்கு மேம்பட்டது என்று இதுவரை எந்த ஆப்பும் சொன்னதில்லை.

இதையெல்லாம் திட்டிக்கொண்டே பொறுத்துப் போனேன். என் அக்கா மகளின் கல்யாணத்தில் கை வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில். மேளக்காரர்களுக்கு அதே காலையில், ஒரு மணி நேர தூரத்திலுள்ள பந்திங் ஊரில் இன்னொரு கல்யாணம். நேரத்துக்கு வந்து சேர மாட்டார்களோ என்று அக்காவுக்கு உதறல். அதற்குக் காரணம் இருக்கிறது. தாலி ஏறும்போது அமங்கலமாக எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம்? அக்கா கல்யாணத்தில் மேளம் கொஞ்சம் பிந்தி, யாரோ தும்மியது மண்டபத்துக்கே கேட்டுவிட்டது. அத்தானோடு வந்த அத்தனை சண்டைக்கும் அந்தத் தும்மலைத்தான் இன்றைக்கும் திட்டுவாள். மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்பது அவள் கவலை.

"பயப்படாதக்கா. போன்ல கெட்டிமேளம் ஆப் வெச்சிருக்கேன்" என்றேன். முதல் நாள் கிள்ளானில் அவள் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். ஒரே தட்டு, வீடே அதிர்ந்தது. அக்கா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. தாய்மாமன் என்றால் சும்மாவா என்று எனக்கும் கொஞ்சம் மிதப்பு.

அக்கா பயந்தபடியே ஆயிற்று. மேளக்காரர்கள் வேன் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. என் போனை மண்டப ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு மணமேடைக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார்.

தட்டினேன். ராத்திரி சார்ஜில் கிடந்தபோது ஆப் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது மேளத்துக்கு முன்னால் விளம்பரம். ஒரு பெண் குரல், தேனொழுக, மண்டபம் முழுக்கக் கேட்டது:

"நாளைக்கே நீங்கள் இறந்துவிட்டால், உங்கள் மனைவியின் கதி என்ன?"

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் விளம்பரத்தை நிறுத்தப் பார்த்தேன். அந்தப் பொத்தானையும் எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள்.

"இன்றே காப்புறுதி எடு..." என்று அந்தக் குரல் தொடர்ந்தபோதுதான் அக்கா பாய்ந்தாள். சீர்த்தட்டு ஒன்றிலிருந்த ஆப்பிள்களைத் தரையில் கொட்டினாள். சந்தனக் கிண்ணத்துக் கரண்டியால் அந்தத் தட்டில் அடித்தாள் பாருங்கள், ஓர் அடி! அடுத்த நொடி ஆன்டிமார்கள் எல்லோரும் கையில் கிடைத்த தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். விளம்பரம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் தாலி ஏறியது. கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பில் கண் மை கன்னம் வரை வந்துவிட்டது.

என் ஆப் அதற்குப் பிறகு, எல்லாம் அடங்கிய நேரத்தில், சாவகாசமாகக் கெட்டிமேளம் கொட்டியது.

போன மாதம் அக்காவின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். மேளக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். அப்படியும் அக்கா மண்டப வாசலிலேயே என்னை நிறுத்தி, ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கையில் திணித்தாள்.

"அதான் மேளக்காரங்க வந்துட்டாங்களேக்கா?"

"அவங்க வந்துட்டாங்க லா. நீயும் போனோட வந்திருக்கியே."