மஹ்ரூப் நானாவும் அமெரிக்க வோட்டும்

மஹ்ரூப் நானா கையை உயர்த்திவிட்டார் என்றால் கடையில் யாரும் மூச்சு விடக்கூடாது. சீத்தைத் துணியை அளந்துகொண்டிருந்த பித்தளைக் கோல் அப்படியே நிற்கும். காது மட்டும் அலமாரிக்கு மேலுள்ள ரேடியோவுக்குப் போய்விடும். பசறையிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

"கொஞ்சம் பொறுங்க புள்ள, அமெரிக்காவுல வோட்டு" என்பார் மஹ்ரூப் நானா.

"அங்க எவன் வந்தா நமக்கு என்னாங்க நானா?" என்று ஒருத்தி கேட்டால், அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மீதித் துணியை அளப்பார்.

பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவருக்கு அமெரிக்கத் தேர்தலில் என்ன வேலை என்று ஊரே கேலி செய்கிறது. செய்யட்டும். மனிதர் வேடிக்கை பார்க்கவா ரேடியோவைத் திருகுகிறார்? பயத்தில் திருகுகிறார். தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு வயிற்றில் புளி கரையும். அது எந்த நாட்டுத் தேர்தல் என்பதெல்லாம் அவர் வயிற்றுக்குத் தெரியாது.

இந்த எண்பத்து நான்காம் ஆண்டுத் தேர்தல் அவரை ஒரேயடியாக ஆட்டிவிட்டது. கட்சிக்குள் நடந்த முதற்போட்டியில், நியூயோர்க் யூதர்களின் வோட்டுக்காக இரண்டு பேர் போட்டிபோட்டு ஒரே வாக்குறுதியைக் கொடுத்தார்கள்: நான் வந்தால் இஸ்ரேலிலுள்ள நம் தூதரகத்தை ஜெரூசலத்துக்குக் கொண்டுபோவேன். அதைக் கேட்ட நாளில் மஹ்ரூப் நானா பகல் சோற்றைத் தொடவில்லை. ஸுபைரா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "அவன் தூக்கினா தூக்கட்டும், நீங்க திண்டுட்டுத் தூக்கம் போடுங்க" என்றாள். முப்பது வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள், வேறென்ன சொல்வாள்?

கடைக்கு வருபவர்களுக்கு அவரே விளக்கம் சொல்வார். "அங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம் ஈக்கிது. கிரேக்க ஆளுக்கு ஒண்டு, ஐரிஷ்காரனுக்கு ஒண்டு, யூத ஆளுக்கு ஒண்டு. வோட்டுக் கேக்க வாறவன் எல்லாருக்கும் ஒரு வார்த்த குடுக்கணும். இத்தாலிக்காரன்ட கடையில ரொட்டி திங்கணும். எங்கட ஆளு கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு, பள்ளியில வந்து கஞ்சி குடிக்கிற மாதிரித்தான்."

"அப்ப தூதரகத்தத் தூக்க மாட்டானா நானா?"

"எங்க தூக்கப்போறான்? வோட்டு முடிஞ்சா மறந்துடுவான்."

"பொறகு எதுக்குப் பயப்படுறீங்க?"

"அவன் மறந்துடுவான். கேட்டவன் மறக்க மாட்டானே."

இதைச் சொல்லும்போது அவர் கண் தன்னையறியாமல் பக்கத்துச் சுவருக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் ரெங்கசாமியின் பாத்திரக்கடை. இரண்டு கடைக்கும் அந்த ஒரே சுவர்தான். போன வருட ஜூலைக் கலவரத்தில் தமிழர் கடைகளைத் தேடிப் பஜாருக்குத் தீ வைத்தபோது அந்தக் கடையும் எரிந்தது. ரெங்கசாமியும் பெண்டாட்டி பிள்ளைகளும் இவர் கடையின் பின்னறையில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தார்கள். தேடி வந்தவர்களிடம் வாசலில் நின்று, "இங்க ஒருத்தரும் இல்ல" என்று சொன்னவர் மஹ்ரூப் நானா. கலவரத்துக்கு முன்பு எந்தெந்த மேடையில் யார் யார் கைதட்டலுக்காக என்னென்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேசியவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து கடையில் தீப்பெட்டி வைப்பதில்லை. சாம்பிராணி போட நெருப்பு வேண்டுமென்றால் எதிர்ச் சாரிக் கடைக்குப் போய் வாங்கி வருவார். மண்ணெண்ணெய் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். யாராவது பின்னால் வந்து சத்தமாகக் கூப்பிட்டால் உடம்பு தூக்கிவாரிப்போடும். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அன்றைக்கு அந்த வாசலில் நிற்கவில்லை, பாவிகள்.

நியூயோர்க்கில் விழுந்த வார்த்தை இங்கே வந்து சேரக் கொஞ்ச நாள் எடுத்தது. கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேல்காரருக்கு ஓர் அலுவலகம் திறக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இரண்டையும் முடிச்சுப்போட்டு முஸ்லிம் கடைகளில் வாய்கள் சூடாயின. சப்பாத்துக்கடை இப்றாஹீம் வந்து மேசைமேல் கை ஊன்றினான்.

"நானா, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு கண்டனக் கூட்டம். ஒங்களத் தவிர இந்த விஷயம் முழுசாத் தெரிஞ்ச ஆள் ஊருல இல்ல. நீங்கதான் பேசணும்."

மஹ்ரூப் நானா பித்தளைக் கோலைக் கீழே வைத்தார். "எனக்கு மேடையெல்லாம் சரிவராது தம்பி."

"ஜெரூசலத்துல ஈக்கிற எங்கட பள்ளிக்காகப் பேசப் பயமா?"

பயம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். முஸ்லிம்களின் புனிதமான அந்த ஜெரூசலத்துப் பள்ளிவாசலை நினைத்தால் அவர் நெஞ்சும் வேகத்தான் செய்கிறது. அதை நாலுபேர் கேட்கச் சொல்லவேண்டும் என்ற ஆசையும் ஒரு மூலையில் கிடந்தது. "சரி" என்று வாய் சொல்லிவிட்டது.

அன்று மாலை ரெங்கசாமி வந்தார். புதுத் தகரக் கூரைக்கு அடித்த சாயம் கையில் அப்பியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நானா, நீங்க பேசறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. நியாயமாத்தான் பேசுவீங்க. பேசறதா இருந்தா மட்டும் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடுங்க. புள்ளைங்கள ஹல்துமுல்லைக்கு அவங்க மாமா வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"ஒனக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம் ரெங்கசாமி? இது எங்கட விஷயம்."

"ஆமாங்க. கூட்டம் கலைஞ்சு ஓடுனா, தொரத்துறவன் யாரு கடைன்னு பாத்தா அடிக்கப் போறான்?"

அன்றைக்கு மஹ்ரூப் நானா ரேடியோவைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றம் நிறைந்துவிட்டது. மேசையில் மைக் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்று கூட்டத்தைப் பார்த்திருந்தது. மற்றது மதிலுக்கு மேலால் பஜாரைப் பார்த்திருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. சற்றுத் தள்ளி, சும்மா நிற்பவர்கள் போலச் சிலர். அவர்களில் இரண்டு முகங்களை மஹ்ரூப் நானாவுக்குத் தெரியும். போன ஜூலையில் அவர் வாசலுக்கு வந்த முகங்கள். பஜார்ப் பக்கத்தில் ரெங்கசாமியின் கடை திறந்துதான் இருந்தது. பிள்ளைகளை அனுப்பினாரா இல்லையா என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்றாஹீம் அவர் பெயரைச் சொன்னான். குழாய் அதைப் பஜார் முழுக்கச் சொன்னது. கூட்டம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது. மதிலுக்கு அப்பால் நின்றவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

மஹ்ரூப் நானா மேசையருகே போனார். சொல்ல நினைத்ததெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. தொண்டையைச் செருமினார், அந்தச் செருமல் குழாய் வழியாகப் போய்ப் பஜாரில் விழுந்தது. அவர் திடுக்கிட்டார். பிறகு இரண்டு கைகளாலும் மைக்கின் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசத் தொடங்கினார்.