தள்ளிப்போன முதல் நன்மை

கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் என் முதல் நன்மைக்கான வெள்ளைச் சட்டை தைத்து முடிந்த கிழமையில்தான் யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டான். எனக்கு அப்போது எட்டு வயது. ஊரே உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நான் வருகிற ஞாயிறு பூசை நடக்குமா என்று மட்டும் கவலைப்பட்டேன்.

அந்த ஞாயிறுக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தவள் நான். ஞானோபதேசம் சொல்லித்தந்த கன்னியாஸ்திரி, அப்பத்தின் உருவில் யேசுநாதரே நெஞ்சுக்குள் வந்து குடியிருப்பார் என்று சொல்லியிருந்தார். வந்த பிறகு என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே கற்பனை செய்துகொண்டேன். உடம்பெல்லாம் வெளிச்சமாகிவிடும், அதன்பின் எதற்கும் ஏங்கவேண்டி இராது.

எண்ணெய்த் தாங்கி எரிந்த கறுப்புப் புகை வானத்தை மூடியிருக்க, அம்மாவும் நானும் வள்ளத்தில் ஏறி மூதூருக்குப் போனோம். அங்கிருந்து மாட்டு வண்டியில் கிளிவெட்டிக்கு. அப்பா துறைமுகத்தில் தச்சு வேலை செய்தார். அவருக்கு லீவு கொடுக்கவில்லை. "நிலைமையைப் பாத்திட்டு வாறன்" என்று கரையில் நின்று சொன்னார். வள்ளம் தூரப்போகும்வரை அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடியிலிருந்த சட்டைப் பொட்டலம் நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

கிளிவெட்டியில் எங்களுக்கு இடம் கொடுத்தவர், முன்பொரு காலம் அப்பாவோடு வேலை செய்துவிட்டு வயலுக்கே திரும்பிப்போன ஒருவர். உறவில்லை, ஆனாலும் அவரைப் பெரியப்பா என்றும் அவருடைய மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டேன். அவர்கள் சைவக்காரர். அந்த ஊரில் அம்மன் கோயில் இருந்தது. எங்கள் கோயில் இல்லை, அது மூதூரில்தான். ஆண்டவர் குடியிருக்கும் நற்கருணைப் பெட்டியும் இல்லை. ஆகவே ஆண்டவர் மூதூரோடு நின்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அம்மாவுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. விடிந்ததும் கிணற்றடிக் கல்லில் போய் இருப்பார். செபமாலையும் உருட்டமாட்டார், உதடும் அசையாது. பிறகு எழுந்து பெரியம்மாவோடு நெல்லுக் குத்தப் போவார். குத்தும்போதும் அதே முகம்தான்.

"அப்பா வரவேணுமெண்டு கேக்கிறனீங்களோ அம்மா?"

"முதல்ல கேட்டனான். இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. சும்மா ஆண்டவருக்குக் கிட்ட இருக்கிறன்."

ஆண்டவர் மூதூரில் இருக்க, அம்மா கிணற்றடியில் இருந்துகொண்டு கிட்ட இருப்பதாகச் சொன்னது எனக்குக் கொஞ்சம் பேதைத்தனமாகப் பட்டது. கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுவதும் பிடிக்கவில்லை.

பெரியம்மாவும் ஒருநாள் கேட்டார். "தங்கச்சி, உங்கட சாமிக்குக் கோயில் இல்லாமல் ஏலாதோ?"

"எனக்கு ஏலும் அக்கா. பிள்ளைக்குத்தான் ஏலாமக் கிடக்கு."

வாரங்கள் போயின. அப்பா வரவில்லை, சுகமாக இருக்கிறார் என்ற செய்தி மட்டும் யாரோ ஒருவர் வாயிலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற நாட்களைப் போலவே வந்து போயின. ஒருநாள் பெரியப்பா மூதூருக்கும் அம்மாவும் பெரியம்மாவும் வயலுக்கும் போயிருந்த நேரம், வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூதூருக்குப் போகும் தெருவில் இறங்கினேன். ஆண்டவர் வர வழியில்லையென்றால் நான் போவதுதானே நியாயம்?

வயல்வெளி உள்ளவரை உற்சாகமாக நடந்தேன். ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி, சட்டை இடுப்புவரை சேறானது. அப்போதும் அழவில்லை. தெரு காட்டுக்குள் நுழையும் இடத்தில் புதிய யானை இலத்தியைக் கண்டதும் கால்கள் நின்றுவிட்டன. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பி நடக்கவும் துணிவில்லை. தெரு ஓரத்தில் குந்தினேன். பாடமாக்கிய செபங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில், "நான் இஞ்சதான் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பயம் போகவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. யானை கேட்கிறதோ என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

வெயில் சாயும் நேரம் மூதூரிலிருந்து திரும்பிய பெரியப்பாவின் வண்டி வந்தது.

"எங்கயடி பிள்ளை வெளிக்கிட்டனீ?"

"ஆண்டவரிட்டப் போறன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சாகப் போவதாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். விம்மி விம்மி விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தூக்கி உப்பு மூட்டைகளுக்கு மேல் இருத்தினார். மாடுகளை வீட்டுப் பக்கம் விரட்டினார்.

ஒருநாளும் கை நீட்டாத அம்மா அன்று முதுகில் ஒன்று போட்டார். பிறகு சேற்றுச் சட்டையோடு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைவிடப் பலமாக அழுதார்.

அடுத்த முறை மூதூருக்குப் போன பெரியப்பா நேரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவாமி என்று நாங்கள் சொல்லும் குருவானவரைக் கூப்பிட்டு, "உங்களிட்ட வாறதுக்கு எங்கட பிள்ளையொண்டு யானைக்காடு வரைக்கும் நடந்தது. நீங்கள் ஒருக்கா வந்தால் என்ன?" என்று கேட்டாராம்.

சுவாமி அதே வண்டியில் வந்தார். மறுநாள் காலை பெரியப்பாவின் வீட்டு முன்விறாந்தையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்துப் பூசை வைத்தார். எங்களைப்போல ஓடிவந்திருந்த இரண்டொரு குடும்பங்களும் வந்திருந்தன. கறை போகாத சட்டையோடு முழந்தாளில் நின்றேன். நாக்கை நீட்டினேன். சுவாமி வைத்தார்.

அப்பம் மெல்லக் கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளிச்சம் வரவில்லை. அப்பாவின் நினைவு வந்தது. வீட்டுக் கோடியில் மாடு கத்தியது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் இருந்தபடியே இருந்தன.

என் நன்மைக்கென்று பெரியம்மா புக்கை பொங்கியிருந்தார். பாலும் சர்க்கரையும் மணக்கும் அந்தப் பொங்கலைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு, அம்மாவோடு கிணற்றடியில் போய் இருந்தேன். நன்மை வாங்குவதற்காக முதல்நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடியாத வயிறு. ஆனாலும் வாயில் வைக்க மனம் வரவில்லை.

"என்ன பிள்ளை, சாப்பிடன்."

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா. அவர் வந்த பிறகும் முந்தி மாதிரியே கிடக்கு. இன்னும் வேணும் போல கிடக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார். "ஒவ்வொரு முறையும்."

"எப்பம்மா சரியாகும்?"

அம்மா சிரித்தார், கண் நிறைந்து வழிந்தது. "சரியாகாமலே இருக்கட்டும்" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாவம், இத்தனை வருடங்களாக அம்மாவுக்கும் சுவாமிமார் சரியாகக் கொடுக்கவில்லை என்று நான் நினைத்தேன். அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. என் புக்கையில் பாதியை வழித்து அவருக்கு ஊட்டிவிட்டேன்.