வலது கீழ் மூலை

கடையில் அவளைப் பிக்சல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் அச்சுக்கு அனுப்ப மாட்டாள் என்பதால் வந்த பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அந்த ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தவள். ஆறு வருடமாக அதே கணினி, அதே கால் ஆடும் நாற்காலி. பல் மருத்துவமனை, சலூன், வீடு வாடகைக்கு, காணவில்லை. தெருவில் நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பலகைகள் அவள் செய்தவை. ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. வலது கீழ் மூலையில் நாலு விரல் அகலத்துக்கு முதலாளியின் பெயரும் எண்ணும் இருக்கும். அது ராசி மூலை, அங்கே வேறு எதுவும் வரக்கூடாது என்பது கடைச் சட்டம்.

"டிசைன் எல்லாம் நீங்களா சார்?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் கடவுள் குடுத்தது" என்று முதலாளி மேலே கை காட்டுவார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் சண்டை வரவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரே வாரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் இடம் பிடித்துவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அதே திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் வேறொரு கல்லூரியில் விஸ்காம் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. காட்சித் தொடர்பியலும் வடிவமைப்பும் என்று விண்ணப்பத்தில் நீட்டி முழக்கியிருந்தது. இருபத்துநாலு இடம், முந்நூறு பேர்.

"அது என்னடி படிப்பு?" என்றாள் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்காமல்.

"படம், எழுத்து, கேமரா. ஒரு விஷயத்தை எப்படிக் காட்டினா பாக்கறவங்களுக்குப் புரியும்னு."

"அதத்தானே ஆறு வருஷமா பண்ற?" என்றார் மாமா. "நீச்சல் தெரிஞ்சவ நீச்சல் வகுப்புல போய்ச் சேருவாளா?"

"நீங்களும் இருபது வருஷமா பாலிசில கையெழுத்து வாங்கறீங்க மாமா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கீங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். "வாய் மட்டும் இல்லேன்னா இவள நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றார் மாமா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளாகவே எதுவும் வருவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஞாயிறு மதியம் தன் வேலைகளில் பன்னிரண்டை எடுத்துத் தாளில் அச்சிட்டாள். திங்கள் காலை விஸ்காம் கல்லூரிக்குப் போகும் பேருந்தில் ஏறினாள். பத்து மணிக்கு, தேர்வு அறை வாசலில் காத்திருந்தபோது மாமா அழைத்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

தேர்வு அறையில் இரண்டு பேர். பேராசிரியை தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் விரல் வைத்துக்கொண்டே போனார். "யாரும்மா இது?"

ஏழு தாள்கள் கடைக்குச் செய்தவை. மற்ற ஐந்தும் தனக்காக, வீட்டில் வரைந்தவை. அவற்றிலும் முதலாளியின் பெயர், முதலாளியின் எண். ஞாயிறு மதியம் அவள் கை தானாகவே போட்டிருக்கிறது.

"எங்க முதலாளி, மேடம்."

"அப்ப அவர் வேலையா?"

"என் வேலைதான். பழக்கத்துல பேரு போட்டுட்டேன்."

பக்கத்தில் இருந்த உதவிப் பேராசிரியர் சிரித்தார். "அடுத்தவன் பேரை யாராவது பழக்கத்துல போடுவாங்களாம்மா?"

போடுவார்கள். செங்கல் சுமந்தவர் பெயர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? திறந்து வைத்தவர் பெயரைத்தான் கல்லில் செதுக்குகிறார்கள். செதுக்கியவர் பெயரும் அதில் இராது. அந்த உதவிப் பேராசிரியர் தினமும் நுழையும் வாசலிலேயே அப்படி ஒரு கல் இருந்தது.

எல்லாம் அவள் செய்தவைதான் என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி நாலு மணிக்குள் கொடுக்கச் சொன்னார் பேராசிரியை. அவள் வராந்தாவிலிருந்து கடைக்குப் பேசினாள்.

"கடுதாசியா? எல்லாம் நீ செஞ்சதுன்னா, நான் என்ன ஈ ஓட்டிட்டு இருந்தேனா? அது நம்ம கடை வேலைம்மா."

"சரிண்ணே."

கைபேசியில் மாமாவின் செய்தி ஒன்று காத்திருந்தது: 'சீட் போச்சு.' அதையும் படித்தாள். உள்ளே போனாள்.

"கடிதம் வராது மேடம். இங்கயே ஏதாவது செஞ்சு காட்டறேன்."

பேராசிரியை அதே அளவில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தார். "இந்தக் கட்டடத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு டாய்லெட் எங்க இருக்குன்னு தெரியறதில்ல. ஒரு பலகை போடு. அரை மணி நேரம்."

காலையில் அவளே தேடி அலைந்திருந்தாள். மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டியிருந்தார்கள். படிக்கட்டை வரைந்து, அதன் கீழே நுழையும் ஒரே ஒரு அம்பு போட்டாள். எழுத்து இரண்டே சொல்.

பேராசிரியை அதை வாங்கி, கடைத்தாள் ஒன்றின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடித்தாளில் இருந்த முதலாளியின் பெயர், மேல்தாளின் காலியான மூலையில் வந்து அப்படியே உட்கார்ந்தது.

"இங்க ஏன் ஒண்ணும் வரையல?"

அவளும் அப்போதுதான் பார்த்தாள். "அங்க எதுவும் வரக்கூடாது மேடம்."

உதவிப் பேராசிரியர் அடுத்தவரின் கோப்பைத் தேட ஆரம்பித்தார்.

"வேலை தெரியுது. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்றார் பேராசிரியை.

"எழுத்தைப் பெருசாக்கு, சிவப்பு போடுன்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா ராசிங்கறாங்க. எனக்குக் காரணம் தெரியணும்."

வியாழக்கிழமை ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் பத்தொன்பதாவது. பெயரை இரண்டு முறை படித்தாள். தாள் கோணலாக ஒட்டியிருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

மறுநாள் கடைக்குப் போனபோது முதலாளிக்குச் செய்தி போயிருந்தது. "பாத்தியா, நம்ம கடை ராசி! வாசல்ல ஒரு போர்டு வைக்கறோம். 'எங்களிடம் பயின்றவர்'னு போடு. என் படம் பெருசா, உன் படம் சின்னதா."

இருபது நிமிடத்தில் முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏய் பிக்சல், மூலையில என் பேரு எங்க?"

"எல்லாம் நீங்கதானே செய்யறது. போட்டுக்கோங்கண்ணே."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் கால் ஆடியது. திரையில் அம்புக்குறி அங்கும் இங்கும் அலைந்தது.

"எதம்மா அமுக்கணும்?"

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.