வெள்ளைப் பூ வந்த மத்தியானம்

அம்மனைக் கும்பிடும் எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மகள் செல்வியும் அவள் வீட்டுக்காரர் ராசுவும் பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். அவர்கள் மகள் காவ்யா ஏழாம் வகுப்பு. பந்து என்றால் உயிர். போன வருஷம் ஓணம் லீவுக்கு முன்னால் வைக்கும் பரீட்சை முடிந்த சமயம், பள்ளி மைதானத்தில் பந்தாடும்போது விழுந்துவிட்டாள். கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. ஊன்ற முடியவில்லை.

"பாட்டி, இனிமே நான் ஓடவே முடியாதா?" என்றாள்.

எண்ணெய் போட்டு உருவிவிடும் வைத்தியரிடம் போகலாம் என்றார் ராசு. ஆஸ்பத்திரிதான் என்றாள் செல்வி. சண்டை முற்றியது. எங்கள் வழக்கப்படி அம்மனிடம் பூக்கட்டிக் கேட்கப் போனோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார் பூசாரி. வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வைத்தியர்.

மேகம் கோவிலுக்குள்ளேயே வந்து நின்றது. விளக்கு எங்கோ தூரத்தில் எரிவதுபோல் இருந்தது. கண்ணை மூடினேன். தாயே, அந்தக் கால் கோணாமல் காப்பாற்று. வேறு வார்த்தை வரவில்லை. யாரோ ஈரக்கையால் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. மேகமாகவும் இருக்கலாம். அம்மன் என்றே நான் நினைக்கிறேன்.

அங்கே நின்ற ஒரு சின்னக் குழந்தை பொட்டலத்தை எடுத்தது. பிரித்தால் வெள்ளை அரளி.

"இன்னொரு தடவ போட்டுப் பாப்போம் பூசாரி," என்றார் ராசு.

"ஏலே ராசு, அம்மன் என்ன லாட்டரிக் கடையா? ஒனக்கு விழுற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்க? பிள்ளையத் தூக்கிட்டு ஜீப்புல ஏறு!" என்று அதட்டினார் பூசாரி.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "நல்லவேளை, யாரும் உருவி விடல. வளர்ற பிள்ளைக்கு எலும்பு நுனி இளசா இருக்கும். அங்கதான் அடி. அது நகர்ந்தா கால் கோணலா வளர்ந்துடும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மனிடம் நான் சொன்ன அதே வார்த்தை.

கட்டுப் போட்டார்கள். பிரித்த பிறகு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அவசரப்படாமல் மெல்ல மெல்ல நடந்தாள். இப்போது ஓடுகிறாள். பந்தோடு மேகத்துக்குள் மறைகிறாள், சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள். பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன்.

முன்பு அம்மனைப் பயந்து கும்பிடுவேன். இப்போது கூடப்பிறந்தவளிடம் பேசுவதுபோல் பேசுகிறேன். நீங்களும் பேசுங்கள். பிள்ளைக்கு அடிபட்டால் உருவாமல், அவளை நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழித்துணையாக வருவாள்.

அந்த எலும்புக்கு டாக்டரம்மா ஒரு பேர் சொன்னார், மறந்துவிட்டது. வலது காலா இடது காலா என்பதையும் செல்வியிடம் யாராவது கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். நானும் குனிந்து குனிந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன.