என் சீர் எங்கே, மாமா?

இந்த ஊர் மருந்துக் கடையில் மாதவிலக்குக்கான டவலைப் பழுப்புத் தாளில் சுற்றித்தான் கொடுப்பார்கள், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரிக்குக் கூச்சமே கிடையாது என்றல்லவா ஸ்ரீரங்கத்தில் பேசிக்கொள்வோம்? போன வாரம் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிவிட்டு, என் காலைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையைப் பார்த்தார். "அக்காவுக்கா வாங்குகிறீர்கள்?" என்று கனிவாகக் கேட்டார். எனக்குத்தான் என்றேன். 'சாரி' என்றார். எதற்கு சாரி? இளம்பிள்ளை வாதம் காலோடு நின்றுவிட்டது ஐயா, மேலே ஏறவில்லை. திருச்சியில் இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்த நான், ஒரு பெண்கள் பள்ளியில் தையல் சொல்லித் தருகிறேன். வியாழக்கிழமை ஒரு நர்ஸ் வந்து, பெரிய பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் படம் போட்டுப் பாடம் நடத்துவாள். அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஜீனையும், கட்டை ஊன்றி நடக்கும் இன்னும் இருவரையும் என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன். நான் கூச்சத்தில் கேட்கிறேன் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். "பயப்படாதீர்கள், உங்கள் அறையில் அந்தப் பேச்சே வராது. பாவம், இவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?" என்றாள். கடல் தாண்டி வந்தும் அம்மா சொன்ன அதே வார்த்தை.

ஐம்பதுகளில் அக்கா வயசுக்கு வந்தபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாமா தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார். தினமும் அவளுக்கு உளுந்தங்களி. எதற்கு இத்தனை அமர்க்களம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது, வழிந்த ரத்தத்தைப் பார்த்து, சூம்பின கால்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். பாவாடை நாடாவால் காலை இறுகக் கட்டிக்கொண்டு, சாகப்போகிறோம் என்று கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டை அவிழ்த்தாள், கையில் துணியைத் திணித்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. உனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று அழுதாள். நானும் வயசுக்கு வந்துவிட்டேன் என்பதை அக்காதான் சொன்னாள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் தனியாக பஸ் ஏறி, மலைக்கோட்டைக் கடைத்தெருவில் காலை இழுத்துக்கொண்டு மாமா கடைக்குள் போய் நின்றேன்.

"என்ன கண்ணு, தனியாவா வந்தே?"

"நான் வயசுக்கு வந்து ரெண்டு மாசமாச்சு மாமா. என் சீர் எங்க?"

கடை முழுக்க ஆள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போ, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். துணி எடுக்க வந்திருந்த ஒரு அம்மாள், "புள்ள நியாயத்ததானே கேக்குது, குடுங்க" என்றாள். மாமா அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் தாவணியை இழுத்து என் கையில் திணித்தார்.

மானம் போயிற்று என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பந்தல் இல்லை, யாரையும் அழைக்கவும் இல்லை. மறுநாள் எனக்கும் களி கிண்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் கிண்டிக்கொண்டே, இது ஏன் வருகிறது, குழந்தை எப்படித் தங்குகிறது, எவனாவது கைவைத்தால் எப்படிக் கத்த வேண்டும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். பாதி தப்பு. இருந்தாலும் சொன்னாளே.

இந்த வியாழக்கிழமை ஜீன் திடீரென்று வெளுத்துப்போனாள். நாற்காலியில் ரத்தத்தைப் பார்த்து, முதுகில் ஆபரேஷன் செய்த இடம் பிளந்துகொண்டது என்று அலறினாள். பார்த்தேன். முதுகுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத் துணி கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மேஜை மேல் கர்ப்பப்பையை வரைந்தேன். மூவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தபடியே டவல் மாற்ற நான் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழியையும் காட்டினேன். விஷயம் தலைமையாசிரியைக்குப் போயிற்று. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றார். யாரையும் கேட்கவில்லை, அடுத்த வியாழனும் செய்வேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வேலை போனால் போகட்டும்.

சனிக்கிழமை களி கிண்டினேன். உளுந்து அம்மா அனுப்பியது. கருப்பட்டிக்கு இந்த ஊர் ட்ரீக்கிள் பாகு, நல்லெண்ணெய்க்கு வெண்ணெய். மருந்துக் கடையில் டவல் கேட்டேன். கடைக்காரர் பழுப்புத் தாளை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, களி டப்பாவையும் டவலையும் சேர்த்து அந்தப் பச்சைத் தாவணியில் முடிந்து, தெரு பார்க்க எடுத்துக்கொண்டு போனேன்.

ஜீனின் அம்மா கதவைத் திறந்து, என்ன இது என்று கேட்டாள். சீர் என்பதற்கு இங்கிலீஷில் என் வாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை. "ஜீனுக்கு அவள் மாமா கொடுத்தது" என்றேன்.

"ஜீனுக்கு மாமாவே கிடையாதே."

"இருக்கிறார்" என்றேன். "மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்."